நாலரை மணி முறை

எங்கள் குழுவின் ஆண்டு மலருக்காகச் சிங்காரவேலுவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு அதிக நாள் சண்டை போட்டவள் நான்தான் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். அரைப் பக்கத்துக்குள் அவரை அடக்க முடியவில்லை. வெட்டிக்கொள்வது அவர்கள் பாடு.

என் பெயர் விஜயலட்சுமி. டெலிபோன் ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வார்டில் தொண்டு செய்கிறேன். மருந்து கொடுக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். படிவம் நிரப்பித் தருவோம், மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம், தாய் குளித்துவிட்டு வரும்வரை கட்டில் பக்கம் உட்கார்ந்திருப்போம். இதற்காக மூன்று நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதில் ஒரு நாள் முழுக்க, அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஹெட்போன் மாட்டியவளுக்கு.

சிங்காரவேலு எந்தப் பயிற்சிக்கும் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார். அதை வார்டு வாசலில் போட்டு உட்கார்ந்தார். ஐந்து வருஷம் ஆகிறது.

அவர் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. தண்ணீர் குறைவாக வரும் வருஷங்களில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். தன் முறை இல்லாத நாளில்தான் எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கும். ஒரு வருஷம், கடைசியில் இருக்கிற கடைமடை ஊர்களுக்குத் தண்ணீர் போக வேண்டிய நாளில், மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் முப்பது பேர் வந்து ஷட்டர் திருகுகிற கைப்பிடியைக் கேட்டிருக்கிறார்கள். இவர் வாக்குவாதம் செய்யவில்லை. கைப்பிடியோடு ஆற்றுக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டார். நான்கு மணி நேரம். சாப்பாட்டு நேரம் வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை அவர் வீரமாகச் சொல்ல மாட்டார். "அன்னைக்கு வெயில் ஜாஸ்தி, உள்ள நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

வார்டுக்கு வருகிறவர்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்து போய்விட்டதா என்று சுற்றி வளைத்து. "இல்லீங்க. ரெண்டு பொண்ணு, நாலு பேரப்புள்ளைங்க. எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்பார். கேட்டவர் முகத்தில் லேசாக ஏமாற்றம் தெரியும். அவர் வந்த காரணம் சாதாரணமானது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், மனைவி குழாயை எத்தனை தடவை திறக்கிறாள் என்று எண்ண ஆரம்பித்தார். அந்த அம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்காவது போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் கூட ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் மாடி ஏறியிருக்கிறார். வார்டு வாசலில் வேன் வைத்து வந்த பதினெட்டு பேர். வாட்ச்மேன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவோம். உடம்பு முடியாமல் கிடக்கும்போது எட்டிப் பார்க்காதவரை மன்னிக்க மாட்டோம், பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவோம். அதனால் எல்லோரும் வருவார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, பிஸ்கட், கோயில் விபூதி, வேளாங்கண்ணி எண்ணெய் எல்லாம் வரும். குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவி அழுவார்கள். அழுகிறவர்களில் இரண்டு பேருக்கு ஜலதோஷம் இருக்கும்.

வார்டின் தலைமை நர்ஸ் பிரகதீஸ்வரி அன்று சிங்காரவேலுவிடம் விளக்கியிருக்கிறார். இந்த மருந்து ஏற்றினால் சில நாட்களுக்குக் குழந்தையின் உடம்பில் வெள்ளை அணுக்கள் அநேகமாக இருக்காது, நமக்குச் சாதாரணமான சளி அந்தக் குழந்தையின் உயிரை எடுத்துவிடும் என்று. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் போர்டு இருக்கிறதே என்றும் காட்டியிருக்கிறார்.

"போர்டு வெச்சா தண்ணி நின்னுடுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனவர், மறுநாள் ஸ்டூலோடு வந்தார்.

அவர் வழி தனி வழி. உள்ளே போகக் கூடாது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "எந்த ஊரு நீங்க?" என்பார். ஊர் சொன்னதும் அது எந்த வாய்க்காலில் பாய்கிற ஊர், அங்கே எந்த மதகு உடைந்து கிடக்கிறது, இந்த வருஷம் நடவு முடிந்ததா என்று ஆரம்பிப்பார். டெல்டாவில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் இடையில் எழுந்து போகிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அரைமணி நேரத்தில் கும்பகோணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஹார்லிக்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கிவைத்து, "இத வாங்கிட்டு வர்றதுக்குப் பதிலா வீட்டுலயே இருந்து தொலைக்கலாம்" என்று முணுமுணுப்பார்.

எனக்கும் அவருக்கும் சண்டை ஒரு விஷயத்தில்தான். வந்து போனவர்கள் யார் என்பதை அவர் உள்ளே இருக்கிற தாயிடம் சொல்லவே மாட்டார்.

"சொன்னா அந்தப் பொண்ணு, அஞ்சு நிமிஷம் மட்டும் விடுங்க ஐயான்னு கையப் புடிச்சுக் கேக்கும் மேடம். அப்புறம் எனக்கு மனசு கேக்காது. ஷட்டர்ல நிக்கறவன் காதுல எதையும் போட்டுக்கக் கூடாது."

இது தப்பு என்று பலமுறை சொன்னேன். என் சான்றிதழைக்கூட ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

போன ஐப்பசியில் பரிதி வந்தாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கத்தாரில் வேலை. வியாதி தெரிந்ததும் வந்துவிட்டுப் போனதில் அவருடைய லீவு தீர்ந்துவிட்டது. அம்மா அம்சவல்லி மட்டும் கூட இருந்தாள். வாளி, பிளாஸ்க், தலையணை, அப்பா விட்டுப்போன பெரிய கைக்கடிகாரம், அவ்வளவுதான் அவர்கள் சாமான். பரிதிக்கு என்னைப் பிடிக்கவில்லை. கதைப் புத்தகத்தோடு போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வாசல் பக்கத்துக் கட்டில் என்பதால், கதவைத் திறக்கும்போதெல்லாம் சிங்காரவேலுவோடு மட்டும் பேசுவாள்.

"நீங்க ஏன் தாத்தா எப்பவும் வெளியவே ஒக்காந்திருக்கீங்க? உங்கள உள்ள விட மாட்டாங்களா?"

"நான்தான் யாரையும் விட மாட்டேன்."

"உங்களையுமா?"

"ஆமா."

அதை அவள் நியாயம் என்று ஏற்றுக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒருவர் தனியாக வந்தார். கையில் துணிக்கடைப் பை. இளஞ்செழியன், அம்சவல்லியின் அண்ணன், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பரிதிக்குத் தாய்மாமன். தாய்மாமன் தீபாவளித் துணியோடு வந்து நிற்கிறார் என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்று பரிதிக்கு வெள்ளை அணு முந்நூறு. இருக்க வேண்டியது பல ஆயிரம்.

சிங்காரவேலு வழக்கம்போல ஊரைக் கேட்டு, வாய்க்காலை ஆரம்பித்தார்.

"எங்களுக்கு நெலம் கெடையாதுங்க" என்றார் இளஞ்செழியன். "எங்கப்பா வரைக்கும் அடுத்தவங்க வயல்லதான் வேல பாத்தாங்க. வாய்க்கா பத்தி எனக்கென்ன தெரியும்? நான் எந்தங்கச்சி மவளப் பாக்கணும்."

ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவர் அதை நேராகவே சொல்ல வேண்டியிருந்தது. "உள்ள விட முடியாது தம்பி" என்று மட்டும் சொன்னார். இளஞ்செழியன் ஒரு மணி நேரம் சுவரோரமாக நின்றார். பிறகு பையை வைத்துவிட்டுப் போனார். இவர் அதை எடுத்து ஹார்லிக்ஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உள்ளே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் அம்சவல்லிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்தவள், பிளாஸ்க்கைக் கழுவி வாளிக்குள் வைத்தாள். துண்டுகளை மடித்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"எங்கண்ணன வாசல்ல நிக்க வெச்சீங்களா ஐயா?"

சிங்காரவேலு எழுந்து நின்றார்.

"எங்க தாத்தாவ அப்புடித்தான் நிக்க வெப்பாங்களாம். கூலி வாங்கப் போனா வாசல்ல. கல்யாணத்துக்குப் போனாலும் வாசல்ல. எங்கண்ணன் வாத்தியாரு ஆனதே இனிமே எங்கயும் வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான். எனக்கு அவங்க வந்ததுகூடத் தெரியாது. நாங்க ஊருக்குப் போறோம். என்ன வந்தாலும் எங்க சனத்தோட இருந்து பாத்துக்கிறோம்."

பாதியில் மருந்தை விட்டுவிட்டுப் போனால் வியாதி திரும்பும், திரும்பினால் மருந்துக்குக் கட்டுப்படாது என்று பிரகதீஸ்வரி எடுத்துச் சொன்னார். இந்த முந்நூறோடு பஸ்ஸில் ஏற்றினால் வீடு போய்ச் சேர்வதே சந்தேகம் என்றும் சொன்னார். அம்சவல்லி மடித்த துண்டையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிறு, டிஸ்சார்ஜ் எழுதப் பெரிய டாக்டர் வரமாட்டார், திங்கட்கிழமைவரை இரு என்று சொல்லி ஒரு நாள் வாங்கினார் பிரகதீஸ்வரி. அவ்வளவுதான் முடிந்தது.

சிங்காரவேலு காலங்காலமாக வயல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கதவில் ஆளை நிறுத்துவது அவருக்கு ஷட்டர் சமாசாரம் மட்டும்தான். நிற்கிறவருக்கு அது வேறாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நான் சண்டை போட்டதெல்லாம் பயிற்சியில் சொன்ன விதிக்காக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நன்னிலம் பஸ் ஏறினார். தனியாகப் போனால் இன்னும் கெடுத்துவிடுவார் என்று நானும் ஏறினேன். வழிநெடுக அவர் வாய்க்கால்களைப் பார்க்காமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இளஞ்செழியன் வீட்டில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அந்த வயதில், அந்தத் துண்டோடு, அப்படிப்பட்ட வீட்டு ஆள் ஒருவர் அந்தத் தெருவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவர்களுக்குப் புதிது.

"தம்பி, உங்கள உள்ள விடாதது கொழந்தைக்காக. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். நாளைக்கு வந்தாலும் விட மாட்டேன்."

போச்சு என்று நினைத்தேன்.

"நீங்க வந்தீங்கன்னு உள்ள சொல்லாதது தப்பு. ஒக்காருங்கன்னு ஒரு வார்த்த சொல்லாதது தப்பு. எங்க வீட்டு வாசல்லயும் ஆளுங்க நின்னிருக்காங்க. அப்பவும் நான் யோசிக்கல, இப்பவும் யோசிக்கல. அதுக்குத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து டீ வந்தது. குடிக்கிறாரா என்று தெருவே பார்த்தது. குடித்தார். சர்க்கரை கம்மியாக இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

இளஞ்செழியன் கொஞ்சம் இறங்கி வந்தார். "அவ என்னைப் பாக்கணும், நான் அவளப் பாக்கணும். உள்ள வரணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"வீடியோ கால்ல பேசலாமே சார்" என்றேன்.

"அது கத்தார்ல இருக்கறவங்களுக்கு மேடம். நான் நன்னிலத்துல இருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வார்டுக்கு ஜன்னல் இருக்கா?"

இருந்தது. பெரிய ஜன்னல். கண்ணாடி போட்டு, கம்பி வைத்து, பைக் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்திருந்தது. கீழே ஒரு புங்க மரம். ஐந்து வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னல் என்று ஒன்று இருப்பதை யாரும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு இளஞ்செழியன் இருபத்திரண்டு பேரோடு வந்து புங்க மரத்தடியில் நின்றார். மேலே அம்சவல்லி பரிதியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். மொட்டைத் தலையைப் பார்த்ததும் கீழே ஒரு அம்மா ஓவென்று ஆரம்பித்தார். இளஞ்செழியன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், வகுப்பில் பார்ப்பதுபோல. அழுகை நின்றது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த பையைப் பிரித்துப் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். பரிதி நன்றாகப் பார்த்துவிட்டு, கலர் பிடிக்கவில்லை என்று தலையாட்டினாள். கீழே எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் துண்டுகளை வாளியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாள்.

ஒரு வாரத்துக்குள் மற்ற குடும்பங்களுக்கும் விஷயம் தெரிந்து புங்க மரத்தடி திருவிழா ஆகிவிட்டது. சிங்காரவேலு முறை வைத்தார். ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிஷம். தூரத்து ஊருக்கு முதல் முறை, தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கடைசி. கடைமடைக்கு முதலில் விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்பது அவர் கொள்கை. இரண்டு மாடிக்குக் குரல் எட்டாது என்பதால் துண்டை வைத்து சைகை காட்டினார். ஆற்றின் அக்கரையில் இருப்பவரோடு அப்படித்தான் பேசுவார்களாம். துண்டைத் தலைக்கு மேல் தூக்கினால் ஆரம்பம். பக்கவாட்டில் நீட்டினால் போதும், அடுத்தவர் வரட்டும். மூன்றாம் நாளே பரிதி மேலே நின்று இதே சைகையைக் கையால் செய்ய ஆரம்பித்தாள். அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஆனதும் கையை நீட்டிவிடுவாள். ஒருமுறை அவர் துண்டை நீட்டியபோது, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்று ஒரு விரலைக் காட்டி அவரையே நிறுத்தினாள். உறவுக்காரர்கள் சிங்காரவேலுவிடம் கெஞ்சிப் பார்ப்பார்கள். "மேல ஆபீசர் இருக்காங்க, அவங்கள கேளுங்க" என்பார்.

மார்கழியில் அவருக்கு இருமல் வந்தது. "தூசு" என்றார். இரண்டு நாள் தூசு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பிரகதீஸ்வரி வெளியே வந்து, "ஐயா, வீட்டுக்குப் போங்க" என்றார்.

"எத்தன நாளு?"

"இருமல் நின்னு ஒரு வாரம்."

மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்டூலை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பரிதிக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளை அணு மறுபடி இறங்கியிருந்த நேரம். கொல்லைப் பக்கத்துத் தனி அறைக்கு மாற்றினார்கள். நான் போனில் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜுரம் எப்பலேந்து?"

சொன்னேன். தன் இருமலின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "குழந்தையோட உடம்புல இருக்கற கிருமியாலயே வரும்னு டாக்டர் சொன்னார், யாருகிட்டேந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்" என்றேன். உண்மையில் டாக்டர் சொன்னது அதுதான்.

"ம்" என்றார்.

மறுநாள் நாலரை மணிக்கு அவர் புங்க மரத்தடியில் நின்றார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பரிதியின் முறையில் ஜன்னல் காலியாக இருந்தது. மற்ற குடும்பங்கள் முடிந்ததும், தஞ்சாவூர்க்காரர் என்பதால் கடைசியாக வந்து, பத்து நிமிஷம் அந்தக் காலி ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் மாடிப்படி அடிவரை வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன் மேடம். கதவுகிட்ட மட்டும். உள்ள வரல."

முடியாது என்றேன். ஐந்து வருஷமாக அவரிடம் எதற்காவது முடியாது என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் நான். சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு மரத்தடிக்குப் போனார்.

நாலாம் நாள் இளஞ்செழியன் அரைநாள் லீவு போட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் பரிதியைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காவிரியிலிருந்து தன் ஊர் வாய்க்கால்வரை தண்ணீர் எத்தனை ஷட்டர் தாண்டி வருகிறது என்று இளஞ்செழியன் கேட்டிருக்கிறார். இவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும்போது அந்த மண்ணில் ஒரு ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அணு ஏற ஆரம்பித்தது. பரிதியைப் பழைய கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் கீழே யாருக்கும் சொல்லவில்லை, நேரமில்லை. நாலரைக்கு அம்சவல்லி அவளை ஜன்னலுக்குத் தூக்கிப் போனபோது நானும் கூட நின்றேன். மணிக்கட்டிலிருந்த கடிகாரம் முழங்கைவரை சரிந்துவிட்டது, அவ்வளவு இளைத்திருந்தாள்.

கீழே பதினைந்து பேர் இருந்தார்கள். முறைப்படி நன்னிலம்தான் முதலில். இளஞ்செழியன் மேலே பார்த்தார், பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு விலகி, பின்னால் நின்றிருந்த சிங்காரவேலுவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு, தான் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சிங்காரவேலு அண்ணாந்து பார்த்தார். துண்டைத் தூக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பரிதிதான் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆரம்பித்துவைத்தாள். அதன் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் பாட்டிலைப் பிடித்தபடி நின்றார், இவள் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள்.

பத்து நிமிஷம் ஆனது. அவள் கையை நீட்டவில்லை.

"பரிதி, டைம் ஆச்சும்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு, என்னிடம் அவள் முதல்முறையாகத் தானாக ஒன்று கேட்டாள். "தாத்தாவ உள்ள விட மாட்டீங்களா?"

"இன்னும் நாலு நாள் ஆகணும்."

"அப்ப அங்கயே இருக்கட்டும்."

நாற்பது நிமிஷம். கீழே முறைக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் முறையைக் கேட்கவில்லை. சிங்காரவேலு நடுவில் ஒருமுறை துண்டால் முகத்தைத் துடைத்தார். கேட்டால் தூசு என்பார். நான் மேலே நின்று அழுதேன். அன்றைக்கு முறைக்குப் பொறுப்பு நான்தான். பரிதியின் கையிலிருந்த கடிகாரத்தில் நான் அதற்குப் பிறகு மணி பார்க்கவில்லை.